குருதித் தடம்

கும்மிடிப்பூண்டி ஆலைகளின் புகைபோக்கிகளை இன்று காணும் நேயர்கள், அவற்றுக்கு மேற்கே புதர்க்காடுகளில் மான் வேட்டை நிகழ்ந்ததென்றால் எளிதில் நம்பமாட்டார்கள். நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், என் மாணவனொருவனின் பாட்டனார், இருளர் குலத்தவர், தாம் இளமையில் துப்பாக்கிக்காரர்களுக்குத் தடம் பார்த்த கதையைச் சொன்னார்.

சிலர் 0.22 அங்குலத் துப்பாக்கியையே மானுக்கும் கொண்டுவருவராம். அதன் குண்டு ஏறக்குறைய இரண்டரை கிராம், முயலுக்குப் போதும். மானோ விழாது, ஓடும். பிறகு வேலை பெரியவருடையது. நுரைத்த செங்குருதி கண்டால் நுரையீரலில் காயம். மான் அண்மையிலேயே விழுந்திருக்கும். கருங்குருதியில் மென்ற தழை கலந்திருந்தால் வயிற்றில் காயம். உடனே துரத்தினால் வெகுதூரம் போய்விடும், பல நாழிகை காத்திருக்க வேண்டும். சுட்டவர்களுக்கு அந்தப் பொறுமை ஏது? இருட்டுமுன் பட்டணம் திரும்பவேண்டுமே!

நீலகிரிக்கு 1879-இலேயே தனி வேட்டைச் சட்டம் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த உரிம முறையை நீக்கிற்று. இதற்கிடையே 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தடம் காணும் கண்ணுக்கு வேறு பிழைப்புத் தந்தது.

பெரியவர் அதில் சேரவில்லை. துப்பாக்கிக்காரர் அவசரத்தால் தேடாது விட்டுவந்த மானொன்றைப் பற்றியே என்னிடம் இருமுறை சொன்னார். மறுநாள் விடியலில் தனியே போய்த் தேடினாராம். ஓடைக்கரை மட்டும் தடம் இருந்ததாம்.