தங்கவயலின் அமைதி

கோலார் தங்கவயல் என்றதும் பாறைவெடிப்பும், நுரையீரல் நோயும், வட ஆர்க்காட்டிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இயற்பியல் வரலாற்றில் அவ்வூருக்குள்ள இடத்தை நாம் அதிகம் பேசியதில்லை.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்கள் பிறக்கின்றன. அவை பாறையையும் துளைப்பவை. ஆயினும் ஆழம் கூடக் கூட அருகிவிடும். டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் இந்தக் குறைவை அளந்தபடி சுரங்கத்தில் இறங்கினர். மிக ஆழமான தளத்தில் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் கருவி எதையும் பதியவில்லை. வெறும் பூச்சியம். தோல்வியென்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர்களோ நியூட்ரினோவைத் தேட ஏற்ற அமைதி அதுவே என்று கண்டுகொண்டனர்.

எடையே இல்லாததாக அன்று கருதப்பட்ட நியூட்ரினோ, பூமியையே ஊடுருவிச் செல்லும். எப்போதோ ஒருமுறை பாறையில் மோதி மியூவானைத் தோற்றுவிக்கும். மேலிருந்து வருபவை பாறையில் அடங்கிவிடுவதால், அத்தனை ஆழத்தில் பக்கவாட்டாக வரும் மியூவான் நியூட்ரினோ விட்டுச்சென்ற தடயம். 1965இல் ஒசாகா, டர்ஹாம் அறிஞர்களும் சேர்ந்த குழு ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் அத்தடயத்தைப் பதிவு செய்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரெய்ன்ஸ் குழுவினரும் கண்டனர். யார் முந்தினர் என்ற வழக்கில் நமக்கு அக்கறையில்லை. அந்த ஆழத்தைக் கூலிக்குத் தோண்டியவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

நியூட்ரினோவுக்கும் நிறை உண்டென்பதற்கு 1998இல் ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலிருந்து சான்று வந்தது. கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஆழ்தளங்களில் இப்போது நீர் நிற்கிறது.