காரே இல்லாத கார் விளம்பரம்

இன்னைக்கு நாம பேசப்போறது 30 செகண்ட் வீடியோ ஒன்றைப் பற்றி. 2024 நவம்பர் 19ஆம் தேதி ஜாகுவார் கம்பெனி அதை வெளியிட்டது. பளிச்சென்ற நிறங்களில் உடை போட்ட மாடல்கள் லிஃப்டில் இருந்து இறங்கி வருகிறார்கள். ஒருத்தர் கையில் சம்மட்டி, இன்னொருத்தர் கையில் பெயின்ட் பிரஷ். 'எதையும் காப்பி அடிக்காதே' என்கிற வாசகத்தோடு வீடியோ முடிகிறது. கார் வரவே இல்லை. "நீங்க கார் விக்கிறீங்களா?" என்று எலான் மஸ்க் கேட்டார். அப்புறம் மீம்ஸ்தான்.

'இவ்வளவு பழைய பிராண்டை இப்படி மாத்தலாமா?' என்று நிறைய பேர் கோபப்பட்டார்கள். வேடிக்கை என்னன்னா, ஜாகுவார் என்கிற பேரே ஒரு பேர் மாற்றத்தில் வந்ததுதான்.

1922ல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் வில்லியம் லையன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்யும் தொழிலை ஆரம்பித்தார்கள். அப்போது பேர் ஸ்வாலோ. கார் செய்ய இறங்கியபிறகு அது எஸ்.எஸ். கார்ஸ் ஆனது. 1935ல் அவர்களுடைய ஒரு மாடலுக்கு வைத்த பேர்தான் ஜாகுவார். பிறகு இரண்டாம் உலகப்போர். எஸ்.எஸ். என்றாலே ஹிட்லரின் கொலைப்படை ஞாபகம் வரும் காலம். அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு யாரிடம் கார் விற்பது? 1945ல் கம்பெனிக்கே ஜாகுவார் என்று பேர் மாற்றினார்கள்.

அந்தப் பேர் நிலைத்ததற்குக் காரணம், மூணே வருஷத்தில் அதற்குப் பின்னால் வந்த கார். 1948 லண்டன் மோட்டார் ஷோவில் எக்ஸ்கே120 நின்றது. 120 என்பது மணிக்கு 120 மைல், அதாவது சுமார் 193 கிலோமீட்டர் வேகம். 1951க்கும் 1957க்கும் நடுவில் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து தடவை ஜெயித்தார்கள். 1961ல் ஈ-டைப் வந்தது. பழைய பேரைத் தேட யாருக்கும் அவசியமே இல்லாமல் போனது.

நான் அனுமந்தன்பட்டிக்காரன். எங்க கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடி அதுக்குப் பல தலைமுறை முன்னாடியே பந்தலில் ஏறிவிட்டது. முத்திரை பின்னாடிதான் வந்தது. இப்பவும் பெட்டியில் என்ன படம் ஒட்டியிருந்தாலும், வியாபாரி ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துட்டுத்தான் விலை சொல்வார். 2024ல் ஜாகுவார் பெட்டியை மட்டும் காட்டியது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 2ஆம் தேதி மியாமியில் 'டைப் 00' காரைத் திறந்து வைத்தார்கள். அதுவும் விற்பனைக்கு இல்லாத மாதிரி கார்தான்.

ஆனா, 'விளம்பரத்தால ஜாகுவார் அழிஞ்சுபோச்சு' என்று சொல்றாங்களே, அதை நான் ஏத்துக்கமாட்டேன். எல்லாரும் காட்டுகிற கணக்கு இது: 2024 ஏப்ரலில் ஐரோப்பாவில் 1,961 ஜாகுவார் பதிவானது, 2025 ஏப்ரலில் வெறும் 49. எண் சரிதான். ஆனால் 2021 பிப்ரவரியிலேயே, 2025 முதல் எலக்ட்ரிக் கார் மட்டும்தான் என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அதற்காகப் பழைய மாடல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பிரிட்டனில் 2024 நவம்பரிலேயே புது கார் விற்பனையை நிறுத்தியாச்சு. கடையில் சரக்கே இல்லாதப்போ விற்பனை எங்கிருந்து வரும்? அதோடு, 2018ல் உலகம் முழுக்க சுமார் 1.8 லட்சம் ஜாகுவார் விற்றது. 2023-24ல் சுமார் 67 ஆயிரம்தான். அதாவது நோய் முதலில் வந்தது, விளம்பரம் அப்புறம் வந்தது. ஷோரூம் காலியாக இருக்கும் நேரத்தில், 'இதுக்காகக் காத்திருங்க' என்று காட்ட ஒரு பொருள் வேண்டும். அது இல்லாததுதான் அந்த வீடியோவின் தப்பு.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1989ல் ஜாகுவாரை வாங்கிய ஃபோர்டு, 2008ல் லேண்ட் ரோவரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸிடம் விற்றது. அந்த வீடியோ வருவதற்கு இரண்டு மாதம் முன்னாடி, 2024 செப்டம்பர் 28 அன்று, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் - ஜாகுவார் லேண்ட் ரோவர் தொழிற்சாலைக்கு முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 9,000 கோடி ரூபாய். நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 பேருக்கு வேலை என்றார்கள். 2025ல் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பி.பி. பாலாஜி, சென்னை ஐஐடியில் படித்தவர். இன்றைக்குக் கம்பெனியைத் தாங்குவது ரேஞ்ச் ரோவரும் டிஃபெண்டரும்தான். ஜாகுவாரில் எடுக்கிற தப்பான முடிவுக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் செலவாகும். எங்க பக்கத்தில் ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பையனுக்கு இது வெறும் மீம் இல்லை.

அதனால் புது எலக்ட்ரிக் ஜாகுவார் ரோட்டில் ஓடும்போது, நான் லோகோவைப் பார்க்கப்போவதில்லை. ஒருத்தர் அதை ஓட்டிப் பார்த்துட்டு என்ன சொல்கிறார் என்றுதான் கேட்பேன். உங்க ஊரில் பேர் மாறியும் ஜனங்க இன்னும் பழைய பேரிலேயே கூப்பிடுகிற கடையோ கம்பெனியோ இருந்தால் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.