புரோகுளோரோகாக்கஸ்: மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்ட வரலாறு

ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் வரிசைப்படுத்தப்பட்டது சைனெக்கோசிஸ்டிஸ் என்ற நன்னீர் நீலப்பச்சைப் பாக்டீரியாவினுடையதுதான். ஜப்பானின் கசூசா டி.என்.ஏ. ஆய்வு நிறுவனம் அதன் சுமார் 35.7 லட்சம் கார இணைகளை 1996இல் வெளியிட்டது. ஆய்வகத்தில் எளிதாக வளர்வதால் அது பலருக்கும் பழகிய உயிர். கடலின் கார்பன் சுழற்சியில் முன்னிற்கும் நீலப்பச்சைப் பாக்டீரியாவான புரோகுளோரோகாக்கஸோ கண்டறியப்பட்டே அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

1980களின் நடுவில் கடலியல் ஆய்வாளர்கள் சாலி சிசம், ராபர்ட் ஓல்சன் குழுவினர், மருத்துவ ஆய்வகங்களில் செல்களை எண்ணப் பயன்படும் ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலில் ஏற்றி சர்காசோ கடலுக்குக் கொண்டுசென்றனர். லேசர் ஒளியில் மங்கிய சிவப்பாக ஒளிர்ந்த நுண்ணிய புள்ளிகள் முதலில் கருவியின் இரைச்சலாகவே கருதப்பட்டன. அவை உயிருள்ள செல்கள் என்ற அறிவிப்பு 1988இல் வெளியானது. ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத அந்தப் புரோகுளோரோகாக்கஸ் செல்கள், வெப்பக் கடல்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம்வரை இருக்கும்.

2003 ஆகஸ்டில் புரோகுளோரோகாக்கஸின் மூன்று வகைகளின் மரபணுத் தொகுதிகள் வெளியாயின. மெட்4, எம்.ஐ.டி.9313 ஆகிய இரண்டையும் அமெரிக்க எரிசக்தித் துறையின் கூட்டு மரபணு நிறுவனமும், எஸ்.எஸ்.120ஐப் பிரெஞ்சுக் குழுவும் வரிசைப்படுத்தின. டி.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் வாசித்து, ஒன்றோடொன்று பொருந்தும் ஓரங்களைக் கணினியில் இணைப்பதே அன்றைய முறை.

மத்தியதரைக் கடலின் மேல்மட்டத்தில் எடுக்கப்பட்ட மெட்4இல் சுமார் 16.6 லட்சம் கார இணைகளும் 1,716 மரபணுக்களும் இருந்தன. ஆக்சிஜன் வெளியிடும் ஒளிச்சேர்க்கை உயிர்களில் அப்போது அறியப்பட்ட மிகச்சிறிய தொகுதி இதுவே. வளைகுடா நீரோட்டத்தில் 135 மீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட எம்.ஐ.டி.9313இல் 24.1 லட்சம் கார இணைகள், 2,275 மரபணுக்கள். கடுமையான ஒளியில் செல்லைக் காக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் மெட்4இல் இரண்டு மடங்குக்கு மேல். நைட்ரேட்டைப் பயன்படுத்தும் மரபணுக்கள் இரண்டிலும் இல்லை. நைட்ரைட்டைப் பயன்படுத்துபவை மட்டும் ஆழத்து வகையிடம் எஞ்சியிருந்தன. சத்து அரிதான கடலில் தேவையற்றதைக் கழித்தே இந்தப் பாக்டீரியா பெருகியிருக்கிறது. வேறுவேறு வகைகள் ஆழத்தையும் ஒளியையும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

கடல் எவ்வளவு கார்பனை உள்வாங்கும் என்று கணிக்கும் மாதிரிகளில், இந்த வேறுபாடுகள் தெரிந்ததால் வெவ்வேறு ஆழத்து வகைகளைத் தனித்தனியாகச் சேர்க்க வழி பிறந்தது. 2013இல் வந்த மதிப்பீட்டின்படி, புரோகுளோரோகாக்கஸ் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக்குகிறது.