576 ஆண்டுக்கு 2,10,389 நாள்

திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல் வரிசை 1905இல் கணபதி சாஸ்திரியின் பொறுப்பில் தொடங்கியது. கேரளத்துக் கணிதச் சுவடிகள் பல அந்த வரிசையில்தான் அச்சேறின: நீலகண்ட சோமயாஜியின் உரையோடு ஆரியபடீயம் 1930 முதல், கரணபத்ததி 1937இல், தந்த்ரசங்கிரகம் 1958இல். புரட்டுகிறவரை முதலில் மலைக்க வைப்பவை அவற்றிலுள்ள எண்கள். 43,20,000 ஆண்டு கொண்ட மகாயுகத்தில் 157,79,17,500 நாட்கள் என்பது ஆரியபடரின் கணக்கு. இதைப் புராண மிகை என்று ஒதுக்கிவிடுவது எளிது. யுகத்தின் நீளம் புராண வழியில் வந்ததுதான். நாட்களின் தொகை அப்படியல்ல. வகுபடவேண்டும் என்ற நோக்கோடு அமைத்த எண் அது என்றே நான் கருதுகிறேன்.

அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இரண்டு 2, ஒரு 3, நான்கு 5, பிறகு 61, 3449 கிடைக்கும். 43,20,000ஐயும் இதையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் 7500. அப்படி வகுத்துச் சுருக்குவதைப் பழைய கணிதர் அபவர்த்தனம் என்பார்கள். சுருக்கினால் 576 ஆண்டுக்கு 2,10,389 நாள், மிச்சமே இல்லை. ஓராண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்று அங்கேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டும் இதுவே. வாக்கியகரணம் என்ற நூல் 2,10,389ஆல் பெருக்கி 576ஆல் வகுக்கும் முறையைத்தான் தருகிறது. சூரிய சித்தாந்தத்தின் 157,79,17,828 இப்படி இளகாது. 4ஆல் மட்டுமே சுருங்கும். வகுக்க 10,80,000 எஞ்சி நிற்கும். 1825 வாக்கில் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் கண்ட பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்தார். சோழியால் வகுக்கிறவருக்கு 576க்கும் 10,80,000க்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும்.

எண்ணின் கடைசியில் சுழியங்கள் வந்தால் வகுபடத்தானே செய்யும், அளந்ததை முழுமையாக்கியதில் நேர்ந்த தற்செயல் என்று ஒருவர் மறுக்கலாம். அவர் ஆரியபடரின் மற்ற எண்களை 4ஆல் வகுத்துப் பார்க்கட்டும். ஆரியபடருக்கு யுகம் நான்கு சம பாதங்கள்; மூன்று கழிந்தபின் கலி. அந்தக் கணத்தில் கோள்களின் சராசரி இடங்கள் எல்லாம் மேஷ முதலில் கூடவேண்டுமானால் ஒரு யுகத்தில் அவை சுற்றும் தடவைகளான சுற்றெண்கள் 4ஆல் வகுபட்டாக வேண்டும். சந்திரன் 5,77,53,336, செவ்வாய் 22,96,824, குரு 3,64,224, சனி 1,46,564: எல்லாம் வகுபடுகின்றன. சந்திர உச்சத்தின் 4,88,219 மட்டும் மீதி 3 தருகிறது, ராகுவின் 2,32,226 மீதி 2. பிழையோ என்று தோன்றும். ஆனால் முக்கால் யுகத்துக்குக் கணக்கிட்டால் உச்சம் மிகச் சரியாக 90 பாகையிலும் ராகு 180 பாகையிலும் நிற்கின்றன. மீதியைக்கூடத் திட்டமிட்டு வைத்திருக்கிறார்.

சரி, இது 4ஐ மட்டும்தானே விளக்குகிறது, 7500இல் மீதமுள்ள 1875க்கு என்ன காரணம்? நியாயமான கேள்வி, கோட்பாடு அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மகாயுகத்தில் ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் ஆண்டின் நீளம் ஒரு செகண்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் மாறும். வெறுங்கண்ணால் அதை யாரும் பிரித்தறிய முடியாது. ஆகவே கடைசி இலக்கங்கள் ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. அவர் கணக்கை எளிதாக்குவதைத் தேர்ந்தார் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

பின்வந்தோர் நடந்துகொண்ட விதமும் இதற்குத் துணை. 1500 வாக்கில் எழுதிய தந்த்ரசங்கிரகத்தில் நீலகண்டர் சந்திரனின் சுற்றை 5,77,53,320 என்று திருத்தினார். குருவையும் சனியையும் விடவில்லை. 157,79,17,500ஐ மட்டும் தொடவில்லை. ஆரியபடர் மீதுள்ள பக்தி என்பார்கள். சந்திரன் விஷயத்தில் அந்தப் பக்தி குறுக்கே நிற்கவில்லையே! இந்த வசதிக்கு விலையும் உண்டு. இன்றைய அளவோடு ஒப்பிட்டால் அந்த ஆண்டு சுமார் 3 நிமிடம் 20 செகண்ட் நீளம்; 430 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் வாக்கியப் பஞ்சாங்கம் அதை இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறது.