நல்ல ஹிந்தி கிளாஸ் எங்கே இருக்கிறது?

லக்னோவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே கேட்பது இதைத்தான். "சார், பெரியவங்களுக்கு நல்ல ஹிந்தி கிளாஸ் எதாவது தெரியுமா?" கேஸ் கனெக்‌ஷன், பள்ளிக்கூட அட்மிஷன் எல்லாம் அப்புறம்தான். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. காரணம் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை.

சொந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படிக்கும்போதே சபா பரீட்சையில் மத்யமா வரை தேறியவன் நான். 2006-ல் இங்கே வந்த இரண்டாவது வாரம், கவுண்டர் மூடும் நேரத்தில் ஓர் அம்மாள் வந்தார். மகனின் பரீட்சைக் கட்டணத்துக்கு டிராஃப்ட் வேண்டும். வேகமாக என்னவோ சொன்னார். "கல்" என்றும் "ஆக்ரி தாரீக்" என்றும் மட்டும் என் காதில் விழுந்தது. ஹிந்தியில் நேற்றும் "கல்"தான், நாளையும் "கல்"தான். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் எது என்று பிரிக்க வேண்டும். கடைசித் தேதி நேற்றே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இனி டிராஃப்ட் எடுத்துப் பயனில்லை, கல்லூரியில் போய்க் கேளுங்கள் என்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "சாப், நாளைக்குக் கடைசி நாள் என்றல்லவா சொன்னார்" என்றார். வாசலுக்கு ஓடினேன். அந்த அம்மாளைக் காணவில்லை. மறுநாளும் வரவில்லை.

"கல்"லுக்கு இரண்டு அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததா? சபா பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். பேப்பரில் தெரிந்தது காதில் தெரியவில்லை. அப்புறம்தான் இந்த வகுப்புகளெல்லாம் யாருக்காக, எதற்காக வந்தன என்று படிக்க ஆரம்பித்தேன்.

வேலைக்கு வந்தபின் ஹிந்தி படிக்க நேர்ந்தவர்களில் கம்பெனி வெள்ளைக்காரர்கள் நமக்கு முன்னோடிகள். ஜான் கில்கிறிஸ்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1782-ல் இந்தியா வந்தார். சிப்பாய்களோடு பேச முடியாமல் திண்டாடி, லீவு போட்டுவிட்டு லக்னோ, ஃபைசாபாத், பாட்னா என்று ஊர் ஊராகத் தங்கி ஹிந்துஸ்தானி கற்றார், அகராதி எழுதினார். (நமக்கு அந்த மாதிரி லீவு சாங்ஷன் ஆகாது!) 1800-ல் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியைத் தொடங்கியபோது ஹிந்துஸ்தானிக்கு அவர்தான் பேராசிரியர். நன்றாகப் படித்தவர்களுக்குப் பரிசுப் பணமும் உண்டு. இன்கிரிமென்ட் ஆசை காட்டி மொழி கற்பிப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

பாடம் நடத்தலாம் என்றால் உரைநடைப் புத்தகங்கள் போதவில்லை. ஆகவே கல்லூரியே ஆள் வைத்து எழுதச் சொன்னது. மீர் அம்மனின் 'பாக்-ஓ-பஹார்', லல்லு லாலின் 'பிரேம்சாகர்' இரண்டும் அப்படி வந்தவை. உருது, ஹிந்தி உரைநடை வரலாற்றில் முதல் அத்தியாயத்திலேயே வரும் புத்தகங்கள், வேற்று மொழிக்கார அதிகாரிகளுக்கான பாடநூல்கள்! இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்தது நம்ம ஊர். 1918-ல் காந்திஜி தன் மகன் தேவதாஸை சென்னைக்கு அனுப்பினார். 18 வயதுப் பையன் வாத்தியார். இதுதான் பின்னாளில் தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபா ஆனது. ராஜாஜி ஆட்சி பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியது, நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைவாசத்தில் உயிரிழந்தது, 1940-ல் அந்த உத்தரவு வாபஸ் ஆனது, 1965 எல்லாம் நீங்கள் அறிந்தவை. அந்தப் போராட்டம் திணிப்புக்கு எதிரானது. விரும்பிப் படிப்பவர்களுக்கு சபா வகுப்பு தொடர்ந்து நடந்தது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாகப் போகும். பாடம், இலக்கணம், மொழிபெயர்ப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கும். எனக்கு கபீரின் தோஹா மனப்பாடம். "கொஞ்சம் வரிசையில் நில்லுங்கள்" என்று சொல்லத்தான் வராது.

மூன்றாவது, அரசாங்க வகுப்பு. 1955-ல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வந்த ஹிந்தி சிக்‌ஷண் யோஜனா. 1960-ல் குடியரசுத் தலைவர் உத்தரவு போட்டார்: 45 வயதுக்குக் குறைந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு ஹிந்திப் பயிற்சி கட்டாயம், ஆனால் தேறாவிட்டால் தண்டனை இல்லை. பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று படி. வங்காளி, மராட்டியர் எல்லாம் பிரவீணிலிருந்து தொடங்கலாம்; தமிழர் பிரபோத்திலிருந்துதான். 1976-ன் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று முதல் விதியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் அந்த விதிகளின் கெடுபிடி நமக்கு ஊரைத் தாண்டிய பிறகுதான் தெரிகிறது.

நானும் பிராக்யா வரை தேறினேன். குறை சொல்லமாட்டேன், ஆசிரியர்கள் அருமையானவர்கள். ஆனால் அது கோப்புக்கான ஹிந்தி. நோட்டிங், டிராஃப்டிங், சுற்றறிக்கை. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று அழகாக எழுதுவேன். அந்த அம்மாள் மறுபடி வந்திருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பேன்.

கடைசியில் எனக்குக் காதைத் திறந்துவிட்டவர் எங்கள் தெருவில் இருந்த ரிடையர்டு பள்ளி ஆசிரியை. புத்தகம் கிடையாது. சாயந்திரம் ஒரு மணி நேரம் நான் கேட்க வேண்டும், அவர் பேசுவார். முதல் வாரம் முழுக்க "கல்" வைத்தே வாக்கியங்கள். "தா", "தீ" என்று முடிந்தால் வலது கையைத் தூக்க வேண்டும். "ஹை", "ஹோகா" என்றால் இடது கை. நாற்பது தடவை தப்பாகத் தூக்கியிருப்பேன். என் மனைவியும் பெண்ணும் கதவோரம் நின்று சிரித்தார்கள். ஒரே மாதத்தில் என் மனைவி என்னை முந்திவிட்டாள், அது வேறு கதை.

ஆகவே கிளாஸ் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் ஒன்றை முதலில் கேட்டுவிடுகிறேன்: யாரோடு பேச வேண்டும்? ஆபீஸ் கோப்புக்கு என்றால் பிரபோத்தில் சேருங்கள், செலவில்லை. சி-டாக் உருவாக்கிய 'லீலா' மென்பொருளில் அதே பாடங்களைத் தமிழ் வழியாகவும் படிக்கலாம். குழந்தைக்குச் சான்றிதழ் என்றால் சபா. காய்கறிக்காரர், பள்ளி டீச்சர், கவுண்டரில் நிற்கும் அம்மாள் என்றால் அந்த டீச்சரம்மாவின் விலாசம் தருகிறேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போங்கள். டீயும் உண்டு.