ஃபோர்ட்ரானுக்கும் பைத்தானுக்கும் நடுவுல ஒரு செக்போஸ்ட்

ஓசூர்ல பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டினா போர்டெல்லாம் கன்னடத்துக்கு மாறிடும். ஆனா எங்க ஊர் டீக்கடை பெஞ்சுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்ல யாராவது இருப்பாங்க. கம்ப்யூட்டர் மொழிகளுக்கு நடுவுல அந்த வேலையைப் பார்க்கிறதுக்குப் பேர் 'பைண்டிங்'. இன்னைக்கு அதோட கதை.

1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது. சூத்திரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதலாம், மெஷினுக்குப் புரிய வைப்பது கம்பைலரின் பொறுப்பு. இந்தியாவில் அதை வகுப்பறைக்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். 1963-ல் ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 வந்தது. அங்கே ஃபோர்ட்ரான் சொல்லிக் கொடுத்தார், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1982-ல் நம்ம பக்கத்து பெங்களூரு ஐஐஎஸ்சி-க்கு வந்துட்டார்.

இதற்கிடையில் உலகம் முழுக்க ஃபோர்ட்ரானில் கணக்கு நூலகங்கள் குவிந்தன. 1992-ல் வந்த லாபேக் அதில் ஒண்ணு. மேட்ரிக்ஸ் சமன்பாடு, ஐகன்வேல்யூ எல்லாம் அதுல இருக்கு. பல வருஷம் அடிபட்டுத் தேறின கோடை யார் திரும்ப எழுதுவாங்க? 1999 வாக்கில் எஸ்டோனியாவைச் சேர்ந்த பியரு பீட்டர்சன் 'எஃப்2பை'-யைத் தொடங்கினார். அது ஃபோர்ட்ரான் சப்ரூட்டினைப் படிச்சு, பைத்தான் கூப்பிடுற மாதிரி ஒரு சி கோடை உண்டாக்கித் தரும். பிறகு அது நம்பையோடு சேர்ந்துவிட்டது.

சிக்கல் எங்கேன்னா, ஃபோர்ட்ரான் ஒரு மேட்ரிக்ஸை மெமரியில் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கும். சி மொழி கிடைவரிசையாக அடுக்கும், நம்பையும் வழக்கமா அப்படித்தான். எஃப்2பை இதைப் பார்த்துக்கும். கையால பைண்டிங் எழுதினா நீங்கதான் பார்த்துக்கணும். மறந்தா மேட்ரிக்ஸ் குறுக்கும் நெடுக்குமா திரும்பிடும். எரர் எதுவும் வராது.

நான் மறந்தேன். பிரேக் போட்டா 'கீச்'னு கத்துற சத்தத்துக்கான கணக்கு அது. முதல்ல சாதாரண ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸை வெச்சு டெஸ்ட் பண்ணேன், எல்லாம் பாஸ். ஆகாம என்ன? அது சமச்சீர், திருப்பிப் போட்டாலும் அதேதான். ஆனா உராய்வைச் சேர்த்ததும் அந்தச் சமச்சீர் போயிடும். அப்பவும் நான் கண்டுபிடிக்கலை. ஏன்னா திருப்பிப் போட்ட மேட்ரிக்ஸுக்கும் ஐகன்வேல்யூ மாறாது. எந்த அதிர்வெண்ணில் கத்தும்னு வந்த விடை, டெஸ்ட் பெஞ்சோட கச்சிதமா ஒத்துப்போச்சு. மாறினது ஐகன்வெக்டர், அதாவது எந்தப் பாகம் எவ்வளவு ஆடுதுங்கிற விடை. அதை நம்பி ரெண்டு வாரம் தப்பான பாகத்தைத் திருத்திக்கிட்டிருந்தோம். கடைசில சரி பண்ணது ஒரே ஒரு வரி.

இப்போ சைபை குழு பழைய ஃபோர்ட்ரான் பகுதிகளை ஒவ்வொண்ணா சி-க்கு மாற்றி வருது. ஃபோர்ட்ரான் கம்பைலரைக் கட்டி மேய்க்கிற தொல்லை குறையும்தான். ஆனா அடுக்கு முறை மாறுற இடம் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும். நான் இப்பல்லாம் எந்த பைண்டிங்குக்கும் முதல் டெஸ்ட்டா ரெண்டுக்கு ரெண்டு மேட்ரிக்ஸ்தான் போடுறேன். மேல 1, 2. கீழ 3, 4. அனுப்பிட்டு, முதல் வரிசையைப் பிரிண்ட் பண்ணச் சொல்லுவேன். 1, 3-ன்னு வந்தா அன்னைக்கு வீட்டுக்கு லேட்டு.