கணினிக்கு எதற்கு இரண்டு முகவரிகள்? – ஒரு வரலாற்றுப் பார்வை



"ஐயா, கைப்பேசியில் இரண்டு முகவரி காட்டுகிறதே, ஒன்று போதாதா?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். அவர் குறிப்பிட்டவை மேக் முகவரியும் ஐபி முகவரியும் ஆகும். வரலாறு தெரிந்தால்தான் இக்கேள்விக்கு முழுமையாக விடை கூற முடியும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் எளிய ஓர் ஒப்புமை. மலேசியரான நமக்கு 12 இலக்க அடையாள அட்டை எண் உண்டு. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் குடிபெயர்ந்தாலும் அவ்வெண் மாறாது. வீட்டு முகவரிதான் மாறும். மேக் முகவரி அடையாள அட்டை எண்ணைப் போன்றது. அதிலும் 12 இடங்கள் உள்ளன. 0 முதல் 9 வரையிலான எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் அவற்றில் வரும். ஐபி முகவரியோ வீட்டு முகவரியைப் போன்றது. கருவி எந்த வலையமைப்பில் இணைகிறதோ, அதற்கேற்ப அது மாறும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் தலைமையிலான குழு, தீவுகளுக்கிடையே கணினித் தகவல்களை வானொலி அலை வழியாக அனுப்பியது. அவ்வமைப்பின் பெயர் அலோகாநெட். எல்லாரும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினர். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் தகவல் மோதிச் சிதையும். அப்போது சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும்.

கலிபோர்னியாவில் உள்ள செராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் மெட்காஃப் இக்கருத்தைக் கம்பிக்குக் கொண்டுவந்தார். ஆல்டோ என்னும் கணினிகளை ஒன்றோடொன்றும், புதிதாக உருவாகியிருந்த லேசர் அச்சுப்பொறியோடும் இணைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. 1973 மே 22ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் ஈதர்நெட் என்னும் பெயர் இடம்பெற்றது. ஒளி பயணம் செய்வதற்கு 'ஈதர்' என்ற ஊடகம் எங்கும் நிறைந்திருப்பதாக அறிவியலாளர் ஒரு காலத்தில் நம்பினர். 1887இல் மைக்கல்சன், மோர்லி ஆகிய இருவரும் நடத்திய சோதனை அந்நம்பிக்கையை ஆட்டங்காண வைத்தது. இயற்பியல் கைவிட்ட சொல்லுக்குக் கணினித்துறை மறுவாழ்வு அளித்தது. மெட்காஃபுடன் சேர்ந்து டேவிட் பாக்ஸ் அக்கருவிகளை உருவாக்கினார்.

அந்தத் தொடக்ககால ஈதர்நெட்டில் முகவரிக்கு 8 பிட்டுகளே இருந்தன. அதாவது, மொத்தம் 256 எண்கள். ஓர் ஆய்வுக்கூடத்திற்கு அது போதும், உலகத்திற்குப் போதாது. இரண்டு வலையமைப்புகளை இணைத்தால் ஒரே எண் இரு கணினிகளுக்கு வந்துவிடும். ஆகவே, டிஜிட்டல், இன்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1980இல் கூட்டாக வெளியிட்ட வரையறையில் முகவரி 48 பிட்டாக விரிந்தது. ஏறத்தாழ 281 டிரில்லியன் எண்கள்! முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும்; மறுபாதியைத் தயாரிப்பாளரே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இடுவார். நம் அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்வதுபோல, மேக் முகவரியின் முதல் ஆறு இடங்கள் பிறந்த தொழிற்சாலையைச் சொல்லும்.

ஏறக்குறைய அதே காலத்தில் இணையத்திற்கான முகவரியும் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு சோதனை முயற்சிக்கு 32 பிட் போதும் என 1977ஆம் ஆண்டில் விண்டன் செர்ஃப் முடிவு செய்தார். 1981இல் அது முறையான வரையறையாக வெளிவந்தது. 32 பிட் என்றால் ஏறத்தாழ 4.3 பில்லியன் முகவரிகள். சோதனை முடியவே இல்லை. அதுவே உலக இணையமாக வளர்ந்தது. 2011 பிப்ரவரி 3ஆம் நாள், உலக மையக் கையிருப்பில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. 128 பிட் கொண்ட ஐபி ஆறாம் பதிப்பு 1995லேயே வரையறுக்கப்பட்டிருந்தும், பழைய முறை இன்னும் புழக்கத்தில் உள்ளது.

அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அடுக்குமாடி வீடுகளைப் பாருங்கள். எல்லாக் கட்டடத்திலும் முதல் மாடி, மூன்றாம் வீடு என்று ஒன்று இருக்கும். தெரு முகவரி ஒன்றுதான். அதுபோல, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் உள்ளன. வெளியே தெரிவது பெரும்பாலும் ரௌட்டரின் முகவரி மட்டுமே. பள்ளியில் ஒரு மாணவர் செய்யும் குறும்புக்காக ஓர் இணையத்தளம் பள்ளி முழுவதையும் தடுக்க நேர்வது இதனால்தான்.

கருவிகளும் மாறின. பழைய ஹப் வந்த தகவலை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும். வகுப்பில் உரக்கப் பெயர் சொல்லி அழைப்பதைப் போல. சுவிட்ச் அவ்வாறன்று. எந்த மேக் முகவரி எந்தத் துளையில் உள்ளது என்பதைத் தானே கற்றுக்கொண்டு, உரியவரிடம் மட்டும் சேர்ப்பிக்கும். 1990இல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர், நம் காதுக்குப் பழகிய 'கல்பனா'.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேக் முகவரி ரௌட்டரைத் தாண்டிச் செல்லாது. எனவே, தொலைவில் உள்ள இணையத்தளம் அதைக் கொண்டு உங்கள் பிள்ளையை அடையாளம் காண இயலாது. ஆனால், அருகிலுள்ள வைஃபை கருவி அதை அறியும். பேரங்காடியில் ஒருவர் எந்தக் கடைக்கு எப்போது போனார் என்பதை மாறாத எண் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 2014 முதல் ஆப்பிள் கைப்பேசிகள் வைஃபை தேடும்போது தற்காலிக எண்ணைக் காட்டத் தொடங்கின. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 ஆகியவை இணைந்த பிறகும் அவ்வாறே செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. உங்கள் கைப்பேசியின் மேக் முகவரியில் இரண்டாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் அது தற்காலிக எண்.

மேக் முகவரிப் பட்டியல் வைத்து மாணவர் கருவிகளை அனுமதிக்கும் பள்ளிகள் இதை அறிந்திருத்தல் நலம். நேற்று அனுமதித்த கைப்பேசி இன்று அயல் கருவியாகத் தோன்றக்கூடும். அதற்காக மாணவரை ஐயுறுவது நியாயமாகாது.

உலகில் எவருக்கும் ஒரே எண் இரட்டித்து வரக்கூடாது என்று 1980இல் பாடுபட்டார்கள். அதே எண் நம்மைப் பின்தொடரக்கூடாது என்று இன்று பாடுபடுகிறார்கள். அடையாளம் என்பது தேவைப்படும் இடத்தில் காட்டவும், தேவையற்ற இடத்தில் மறைக்கவும் உரியது. இதை மாணவர்களுக்குக் கணினிப் பாடமாக மட்டுமன்றி, வாழ்க்கைப் பாடமாகவும் கற்பிக்கலாம் என்பது என் கருத்து.